சின்னப் பிள்ளைகளோடு வவுனியா நகரைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும்போது, அதுவும் ஓகஸ்டில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கும்போது, வவுனியாவில் ஊர் காட்டுகிற எங்களிடம் திரும்பத் திரும்ப ஒரே விசயத்தைத்தான் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு வழிகாட்டியோடு ஒரு நாள் நகரத்தைச் சுற்ற வேண்டும், எப்படி ஒழுங்குபடுத்துவது? மூன்று வயது முதல் ஒன்பது, பத்து வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

வவுனியா ஒரு கடைத்தெரு நகரம்தானே. பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே என்ன இருக்கிறது?

பெரியவர்களுக்கு ஏ9 வீதியும் பஸ் நிலையமும் கடைகளும்தான் தெரியும். பிள்ளைகளுக்கு வேறு நகரம் தெரியும்.

முதலில் குளம். வவுனியா முழுக்கக் குளங்களின் கீழே வளர்ந்த ஊர். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம், தாண்டிக்குளம், கோவில்குளம் என்று பெயர்ப்பலகைகளை எண்ணிக்கொண்டே போகலாம். வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அதுவே ஒரு விளையாட்டு. காலையில் ஒரு குளக்கட்டில் நடந்தால் கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, தாமரை, வலை வீசுகிறவர், மாடு கழுவுகிறவர் எல்லாரையும் ஒரே இடத்தில் காணலாம். துருசு எங்கே இருக்கிறது, அதைத் திறந்தால் தண்ணீர் எந்த வாய்க்காலால் எந்த வயலுக்குப் போகும், மழைக்காலத்தில் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எந்த வழியால் வான் பாயும் என்று ஒருவர் கையை நீட்டிக் காட்டினால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். வன்னியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி அந்தக் கட்டிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது ரயில் நிலையம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றபிறகு பல வருடங்கள் வவுனியாதான் வடக்குப் பாதையின் கடைசி நிலையமாக இருந்தது. 2011இல் ஓமந்தை வரை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை என்று பாதை துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. பிள்ளைக்கு இந்த வருடங்கள் தேவையில்லை. எஞ்சின் உள்ளே வரும்போது நிலம் அதிர்வதை அது மறக்காது. வருடங்கள் உங்களுக்கு.

நகரில் தொல்பொருள் நூதனசாலை ஒன்று இருக்கிறது. சின்னது, பழைய புத்தர் சிலைகளும் கற்சிற்பங்களும் உள்ளன. கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் பண்டாரவன்னியன் சிலை நிற்கிறது. ஹொரவப்பொத்தானை வீதியில் சில கிலோமீற்றர் போனால் மடுக்கந்தை விகாரை. கோவில்குளத்தில் அகிலாண்டேஸ்வரர் கோயில். பிறகு சந்தை. பழக்கடையில் ஒரு பழத்தைத் தெரிந்தெடுத்துத் தானே காசு கொடுத்து வாங்கிய பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அது எந்த நூதனசாலைக்கும் குறைந்ததில்லை.

ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?

மூன்று. இரண்டு காலையில், ஒன்று பின்னேரம். நாலாவது இடத்தைப் பட்டியலில் எழுதினால் அது மற்ற மூன்றையும் கெடுக்கும். இந்த ஒரு விசயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் விளங்குகிறது. ஆனால் பிள்ளைக்கு இடங்களின் எண்ணிக்கை தெரியாது. ஓரிடத்தில் குந்தியிருந்து எறும்பைப் பார்க்க விட்டார்களா, வா வா என்று கையைப் பிடித்து இழுத்தார்களா என்பதுதான் தெரியும்.

ஒரு நாளை எப்படி ஒழுங்குபடுத்தலாம் என்று ஒரு மாதிரி சொல்ல முடியுமா?

காலை 7 மணிக்குக் குளக்கட்டு. வெயில் ஏறுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் போதும். வீட்டில் வெறும் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்துக் கூட்டி வந்து, 8 மணிக்குப் பிறகு கடையில் இட்லியோ தோசையோ சாப்பிடக் கொடுப்பது நல்லது. குளக்கட்டில் நடந்த பசியில் பிள்ளை சண்டை பிடிக்காமல் சாப்பிடும்.

அதற்குப் பிறகு ரயில் நிலையம். எந்த மணிக்கு ரயில் வருகிறது என்பதை முதல் நாளே நிலையத்தில் கேட்டு, அதை வைத்து மற்ற நேரங்களை மாற்றுங்கள். மேடையில் நிற்பதற்கும் ரிக்கற் எடுக்க வேண்டும். அந்தச் சின்ன ரிக்கற்றைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நேரம் ஒத்துவந்தால் ஓமந்தை வரை ரயிலில் போய், அங்கே உங்கள் வாகனத்தை வரச்சொல்லித் திரும்பலாம். பயணம் சின்னது, பிள்ளை களைக்காது. ரயில் பிந்தினால் சாரதியும் காத்திருக்க வேண்டிவரும் என்பதை அவருக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

10 மணிக்கு மேல் கூரைக்குக் கீழே போங்கள். நூதனசாலைக்கு அரை மணித்தியாலம் போதும். இதைத் தனி இடமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம், பிள்ளை சோர்ந்திருந்தால் விட்டுவிடலாம். திறக்கிற நாளையும் நேரத்தையும் முன்பே கேட்டுவைத்தால் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கத் தேவையில்லை.

12 மணியிலிருந்து 3.30 வரை ஒன்றும் இல்லை. சாப்பாடு, குளிப்பு, நித்திரை. இந்த மூன்றரை மணித்தியாலத்தைத் தொடாதீர்கள். தங்க வீடு இல்லாமல் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு விடுதி அறையைப் பகலுக்கு மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

4 மணிக்கு மடுக்கந்தை, அல்லது கோவில்குளம். இரண்டில் ஒன்று. 5.30க்கு ஐஸ்கிறீம் கடை, கொஞ்சம் ஓடித்திரிய ஒரு திறந்த இடம். 6.30க்குள் வீடு. இருட்டுமுன் பிள்ளை கால் கழுவிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்களுக்கே ஊர் தெரியும். வழிகாட்டி எதற்கு?

ஊர் தெரிந்த அம்மாவும் அப்பாவும் அன்றைக்கு முழுக்கப் பிள்ளையின் தொப்பி, தண்ணீர்ப் போத்தல், செருப்பு என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதை சொல்ல ஒருவர் தனியாக வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. பெற்றோர் சொன்னால் காது கொடுக்காத பிள்ளை வெளியாள் ஒருவர் சொன்னால் வாயைத் திறந்துகொண்டு கேட்கும். பெரிய பேரர்களைக் கண்ட அம்மப்பா, அப்பப்பா யாராவது நடக்கக்கூடியவராகவும் கதைக்கக்கூடியவராகவும் இருந்தால், காசு கொடுத்து வழிகாட்டி பிடிக்க வேண்டாம். அவரைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

வழிகாட்டியை எப்படித் தெரிவுசெய்வது?

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, ஓரிடத்துக்கு மட்டுமான வழிகாட்டி என்று வகைகள் உண்டு. அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை, நல்ல வழிகாட்டி கேட்காமலே காட்டுவார்.

ஆனால் பத்திரம் இருந்தால் மட்டும் பிள்ளைகளுக்குப் பொருந்திவிடாது. தொலைபேசியில் கதைக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "குளத்தடியில் பிள்ளைகளோடு என்ன செய்வீர்கள்?" வரலாறு சொல்வேன் என்று தொடங்கினால் பெரியவர்களுக்கான ஆள். கல்லு எறிய விடுவேன், குருவி எண்ண விடுவேன், துருசுக்குப் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன் என்று சொன்னால் அவரையே பிடியுங்கள்.

அவருக்கும் நீங்கள் சில விசயங்களை முன்பே சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயர், வயது, எதற்குப் பயம், எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, எந்த மொழியில் கதைப்பார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாமாவுக்கும் "தம்பி, இங்கே பார்" என்கிற மாமாவுக்கும் பிள்ளை காட்டுகிற முகம் வேறு. வழிகாட்டி ஆணோ பெண்ணோ, பிள்ளையைத் தனியாக அவரோடு எங்கும் அனுப்பாதீர்கள். மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவது எப்போதும் வீட்டு ஆளின் வேலை.

பண்டாரவன்னியன் கதையைச் சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

வன்னியின் கடைசி அரசன் என்று பெயர் பெற்றவர். 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தார். அதே வருடம் ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கப்டன் றிபேக்கின் படையிடம் தோற்றார். அதைச் சொல்லும் நடுகல் ஒன்று ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் இருக்கிறது. பிள்ளைக்கு இதில் வேண்டியது மூன்றே மூன்று: ஒரு கோட்டை இருந்தது, அதை ஒருவர் பிடித்தார், அவரின் சிலை இது. வாளை எந்தக் கையில் வைத்திருக்கிறார், காலில் என்ன போட்டிருக்கிறார் என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல விடுங்கள். சிலை வீதியோரம் இருப்பதால் படம் எடுக்கும் ஆர்வத்தில் பின்னுக்கு நகராதீர்கள். ஏ9 எந்த நேரமும் ஓய்வில்லாத வீதி.

மடுக்கந்தையில் பிள்ளைகளுக்கு என்ன கதை?

நல்ல கதை உண்டு. கலிங்க நாட்டிலிருந்து புத்தரின் பல்லைத் தலைமுடிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஹேமமாலி என்ற இளவரசியும் அவளோடு வந்த தந்த என்ற இளவரசனும் அனுராதபுரத்துக்குப் போகிற வழியில் மடுக்கந்தையில் தங்கினார்கள் என்பது ஐதீகம். தலைமுடிக்குள் ஒளித்தது என்ற இடத்தில் பிள்ளைகள் எல்லாரும் தங்கள் தலையைத் தொட்டுப்பார்ப்பார்கள்.

கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் ஒரே நாளில் காட்டலாமா?

வவுனியாவில் எல்லாம் கிட்டக்கிட்ட இருக்கின்றன, அது இந்த நகரின் நல்ல குணம். பெரிய பிள்ளைகள் என்றால் வெளியே நின்று எல்லாவற்றையும் காட்டலாம். சின்னவர்களுக்கு ஓரிடத்துக்குள் மட்டும் போவது போதும்.

நேரம் பாருங்கள். எங்கள் கோயில்கள் மதியப் பூசையோடு நடை சாத்தினால் பின்னேரம்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் சும்மா பார்க்கப் போக வேண்டாம். போயா நாளில் விகாரையில் சனம் அதிகம். விகாரையில் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, தொப்பியும் செருப்பும் கழற்ற வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விசயத்தை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வாகனத்தில் வைத்தே சொல்லிவிடுங்கள். கோயில் வீதி மணலும் விகாரை முற்றமும் பகலில் கொதிக்கும். கழுவின காலுறை ஒரு சோடி பையில் இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை.

எந்த மாதம் நல்லது?

தை பிறந்து மழை விட்ட பிறகு, மாசி முடியும் வரை. குளங்கள் நிரம்பியிருக்கும், வயல் பச்சையாக இருக்கும் அல்லது அறுவடை நடக்கும், காற்றும் இதம். சித்திரையில் வெயில் கொடுமை. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வீசும், குளங்கள் வற்றத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை.

ஆனால் பெரும்பாலானவர்களுக்கு விடுமுறை ஓகஸ்டில்தான் கிடைக்கிறது. சரி, அப்படியானால் காலை 6.30க்கே இறங்குங்கள், 10 மணிக்குள் வெளி வேலையை முடியுங்கள். நல்லூர்த் திருவிழாவும் ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவும் சேர்ந்து வருகிற காலம், ரயில் ஆசனமும் வாகனமும் தங்குமிடமும் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தக் காலத்துக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலைப்பழமும் வீரைப்பழமும் வீதியோரம் விற்பார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இதை வேறெங்கும் சாப்பிட்டிருக்காது. பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போய்விடும். கழுவிக் கொடுங்கள், ஒரு பிடிக்கு மேல் வேண்டாம்.

வான், ஓட்டோ, பஸ், எது நல்லது?

நகருக்குள் நான்கு பேர் குடும்பம் என்றால் ஓட்டோ போதும், பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். உள்பக்கம் பிள்ளையை இருத்தி வெளிப்பக்கம் பெரியவர் இருங்கள். சந்திக்குச் சந்தி புது ஓட்டோ பிடிப்பதைவிட ஒருவரையே நாள் முழுக்கப் பேசி வைப்பது நல்லது. பைகளை வைத்துவிட்டு இறங்கலாம், திரும்பி வரும்போது தெரிந்த முகம் நிற்கும். இரண்டு குடும்பம் என்றால் குளிரூட்டிய வான். குழந்தைக்கான கார் சீற் இங்கே வாடகை வாகனங்களில் அநேகமாக இருக்காது, வேண்டுமானால் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பஸ்ஸில் ஒரு சின்னப் பயணத்தை வேண்டுமென்றே சேர்க்கலாம். பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற தனியார் பஸ் சில பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பழகின சாப்பாடு ஒரு நேரம், புதுச் சாப்பாடு ஒரு நேரம். காலையில் இட்லி, இடியப்பம், பாண் எதுவும் கிடைக்கும். உறைப்புத்தான் சிக்கல். "உறைப்பில்லாமல்" என்று சொன்னாலும் எங்கள் கடைகளில் கொஞ்சம் உறைக்கும். அதனால் பருப்பு, சொதி, பப்படம், அவித்த முட்டை, தயிர் என்று கேட்டு வாங்குங்கள். சட்டித் தயிரும் வன்னித் தேனும் கலந்து கொடுத்தால் மறுக்கிற பிள்ளையை நான் கண்டதில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

தண்ணீர் மூடிய போத்தலில் மட்டும். இளநீர் நல்லது, கண்முன்னே வெட்டச் சொல்லுங்கள். வெயிலில் வாடினால் பாமசியில் ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூளை வாங்கிப் பொதியில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். வீதியோரத்தில் தட்டிய ஐஸ் போட்ட குளிர்பானங்களை அன்றைக்கு மட்டும் தவிர்த்துவிடலாம்.

மலசலகூடம் எங்கே இருக்கும்? குழந்தைக்குப் பம்பஸ் மாற்ற இடம் உண்டா?

சாப்பிட்ட கடையை விட்டு எழும்புமுன் எல்லாப் பிள்ளைகளையும் ஒருதரம் கூட்டிப்போங்கள், வருகிறதோ இல்லையோ. பெரிய உணவகங்களிலும் எரிபொருள் நிலையங்களிலும் ஓரளவு சுத்தமாக இருக்கும். பம்பஸ் மாற்றத் தனி இடம் தேடினால் கிடைக்காது, வாகனத்தின் பின் சீற்றும் ஒரு றப்பர் விரிப்பும்தான் வழி. ஈரத் துடைப்பான், சவர்க்காரத் துண்டு, இரண்டு வெற்றுப் பொலித்தீன் பை கையோடு வைத்திருங்கள். பாவித்ததைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், குளக்கட்டில் விடாதீர்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன கவனிக்க வேண்டும்?

குளம்தான் முதல் பயம். தாமரையும் சேறும் உள்ள குளத்தில் கரை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. துருசுக்கும் வான் பாயும் இடத்துக்கும் பக்கத்தில் பிள்ளையின் கை பெரியவரின் கைக்குள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், யாருக்கு யார் என்று வாகனத்தை விட்டு இறங்குமுன் பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "எல்லாரும் பார்க்கிறோம்" என்ற இடத்தில்தான் ஒருவரும் பார்ப்பதில்லை.

கண்ணிவெடி பற்றி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நகருக்குள்ளும் மக்கள் நடமாடும் இடங்களிலும் பயப்படத் தேவையில்லை. வன்னியின் சில பகுதிகளில் அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அங்காலே ஓரடியும் இல்லை. நகரை விட்டு வெளியே போகும் நாளில் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது, சிறுநீர் கழிக்கவும்தான். தரையில் கிடக்கும் தெரியாத இரும்பைத் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஒருதரம் தெளிவாகச் சொல்லுங்கள், பயமுறுத்தாமல்.

கோயிலடிக் குரங்குகளுக்கு முன்னால் வாழைப்பழப் பையைத் திறக்காதீர்கள். தெரியாத நாயைத் தடவ விடாதீர்கள். நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காட்டோர வீதிகளில் பொழுதுபட்ட பிறகு யானை இறங்கும், அதனால் வெளிப் பயணத்தை இருட்டுமுன் முடியுங்கள். நுளம்புக்குப் பூசுகிற மருந்தைக் காலையும் மாலையும் மறக்க வேண்டாம். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸுக்கு 119.

யுத்தத்தைப் பற்றிப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

கேட்கும். உடைந்த சுவரையோ காலை இழந்த ஒருவரையோ கண்டு கேட்கும். "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்றுமில்லாததற்கு அம்மாவின் முகம் ஏன் மாறியது என்று அது யோசித்துக்கொண்டிருக்கும்.

ஐந்து, ஆறு வயதுக்கு இவ்வளவு போதும்: "இங்கே நீண்ட காலம் சண்டை நடந்தது. நிறையப் பேர் செத்துப்போனார்கள், நிறையப் பேர் வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. 2009இல் அது முடிந்தது. இப்போது நீ பாதுகாப்பாக இருக்கிறாய்." அதற்கு மேல் அது கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். உங்கள் குடும்பத்தில் ஒருவர் இல்லாமல் போயிருந்தால் அவரின் பெயரைச் சொல்லலாம், அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எப்படிச் சிரிப்பார் என்று சொல்லலாம். எப்படி இறந்தார் என்பது பிள்ளை வளர்ந்தபிறகு வரட்டும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உங்களோடு வருகிற வழிகாட்டியோ சாரதியோ 2009இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாம்களில் இருந்தவராக இருக்கலாம், பிள்ளையையோ சகோதரத்தையோ இழந்தவராக இருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். ஊர் பார்க்க வந்த நாளில் பிள்ளைகளுக்கு முன்னால் அவரிடம் துருவிக் கேட்காதீர்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் குறைவு. ஆங்கிலத்தில் கதைக்கிற வழிகாட்டி வேண்டுமா?

ஆங்கிலமும் தெரிந்தவர் நல்லது, முழுக்க ஆங்கிலத்தில் கதைக்கிறவர் வேண்டாம். செய்கிற வேலையோடு வருகிற தமிழ் பிள்ளைக்கு ஒட்டும். பழக்கடையில் "இது எவ்வளவு?" என்று கேட்பதும், ஓட்டோக்காரருக்கு "நிப்பாட்டுங்கோ மாமா" என்று சொல்வதும், பஸ்ஸில் "ஒரு ரிக்கற் தாங்கோ" என்பதும் ஒரு நாளில் வந்துவிடும். பிழையாகச் சொன்னால் பெரியவர்கள் சிரிக்கக் கூடாது என்று வீட்டிலேயே சித்தி, மாமாமாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அன்பாகத்தான் சிரிப்பார்கள், ஆனால் பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது.

அதே நாளில் கிளிநொச்சியையோ மன்னாரையோ சேர்க்கலாமா?

அதே நாளில் வேண்டாம், இன்னொரு நாளாக எடுங்கள். இரண்டுமே ஒரு வழிக்கு ஏறத்தாழ 75 முதல் 80 கிலோமீற்றர்.

கிளிநொச்சிப் பக்கம் போனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிற்கும், நிற்காத வாகனமே இல்லை. தேங்காய் உடைப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும், கச்சான் வாங்கிக் கோதை அவர்களே உடைக்கட்டும். நாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும், கொடுக்க வேண்டாம். இரணைமடுக் குளத்தைக் கண்ட பிறகு "கடலா?" என்று கேட்காத பிள்ளை குறைவு. பக்கத்திலேயே கனகாம்பிகை அம்மன் கோயில். அந்த நாளுக்கு இவ்வளவுமே போதும்.

மன்னார் என்றால் பள்ளிமுனைப் பெருக்கமரம். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், குடும்பம் முழுக்கக் கை கோத்து நின்றும் சுற்றி முடிக்க முடியாமல் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். வீதியில் கழுதைகள் தாமாகவே திரியும். 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையில் ஏறி இறங்க இடம் உண்டு, ஆனால் மதில் ஓரத்தில் தடுப்பு இல்லாத இடங்களில் கையை விடாதீர்கள். மார்கழி முதல் மாசி வரையான காலத்தில் வங்காலைச் சதுப்பில் பூநாரைக் கூட்டத்தைக் காணும் வாய்ப்பும் உண்டு. ஒரு தூரக்கண்ணாடி கொண்டுபோங்கள்.

செலவை எப்படிப் பேசிக்கொள்வது?

வழிகாட்டியின் நாள் கூலி, வாகனக் கூலி, காத்திருக்கும் நேரம், அவர்களின் மதியச் சாப்பாடு, நுழைவுக் கட்டணங்கள். இந்த ஐந்தையும் முதல் நாளே தெளிவாகப் பேசி எழுதிவையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நிறுத்த வேண்டி வந்தால் எவ்வளவு கொடுப்பது என்பதையும் அப்போதே பேசுங்கள். மதிய ஓய்வு மூன்றரை மணித்தியாலத்துக்கும் கூலி உண்டு, அதில் பேரம் பேசாதீர்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

முன்பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாகக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். ஆனால் மூன்று இடத்தை ஒன்றாகக் குறையுங்கள், மதியத்துக்குள் திரும்புங்கள். ரயில் நிலையம்தான் என் தெரிவு, நிலைய அதிபரிடம் முன்பே கேட்டுக்கொண்டு போனால். நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வேண்டும், அம்மாமார் சிலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டையில் பிள்ளையின் பெயரை வெளியே தெரிய எழுதாமல், உட்புறத்தில் பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் குத்திவிடுங்கள்.

நடுவில் பிள்ளை அழுது, வீட்டுக்குப் போக வேண்டும் என்றால்?

முதலில் தண்ணீர், பிறகு நிழல், பிறகு மடி. பத்து நிமிடத்தில் ஆறாவிட்டால் வீட்டுக்குப் போங்கள். பார்க்காமல் விட்ட இடம் அங்கேயேதான் இருக்கும். காசு கொடுத்த நாள் என்று இழுத்துக்கொண்டு திரிந்தால் அடுத்த பயணத்துக்குக் கூப்பிடும்போதே பிள்ளை ஓடி ஒளியும்.

மழை பிடித்துவிட்டால்?

சாறல் என்றால் குடையோடு குளக்கட்டுக்குத்தான் போவேன், பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. இடி மின்னல் என்றால் குளமும் வெளியும் வேண்டாம். ரயில் நிலையத்துக்கும் நூதனசாலைக்கும் நேரத்தை மாற்றுங்கள், அதுவும் முடியாவிட்டால் வழிகாட்டியை வீட்டுக்கே கூப்பிட்டு, விறாந்தையில் பாயைப் போட்டு, சூடான தேத்தண்ணீரோடு கதை சொல்லச் சொல்லுங்கள். மாற்று உடுப்பு இரண்டு சோடி, ஒரு துவாய் வாகனத்தில் இருக்கட்டும்.